ஐம்பத்திரண்டு பாட்டில்களின் திருப்தி

இந்தக் காலத்து ஜனங்களுக்கு வாய் இருக்கிறது, வாய்க்குள் நாக்கும் இருக்கிறது. ஆனால் கேட்கிற கேள்விக்கு நேராக ஒரு பதில் வருகிறதா என்றால், இல்லை. மயிலாப்பூர் குளத்தங்கரை ஓட்டலில் காப்பி கழுநீர் மாதிரி இருக்கும். கல்லாவில் உட்கார்ந்தபடியே முதலாளி "காப்பி எப்படி சார்?" என்பான். "பேஷ்!" என்பார்கள். வெளியே வந்து நாலு எட்டு வைத்ததும், "இதெல்லாம் ஒரு காப்பியா?" என்று துப்புவார்கள். அந்தத் துப்பலை உள்ளேயே துப்பியிருந்தால் நாளைக்காவது நல்ல காப்பி கிடைத்திருக்குமே என்று எவனுக்கும் தோன்றாது.

தணிகாசலத்துக்கு இந்த வயிற்றெரிச்சல் ரொம்ப நாளாக உண்டு. படிப்பு ஐந்தாம் வகுப்பு. போலீசில் முப்பது வருஷம் இருந்து ஏட்டாக ஓய்வு பெற்றவர். இப்போது முண்டகக்கண்ணியம்மன் கோயில் தெருவில் ஒரு சைக்கிள் கடை மாடியில் அறை பிடித்து, துப்பறிகிறேன் என்று போர்டு மாட்டியிருக்கிறார். எவனையும் நம்பமாட்டார். தன் கைக்கடிகாரத்தையே சைக்கிள் கடை கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார்.

அவருக்கு உதவியாள் வைரவன். தெற்கத்திக்காரர், நாற்பத்தைந்து வயசு. தியாகராய நகர் ஜவுளிக் கடையில் பதினெட்டு வருஷம் சேலை மடித்துப் போட்டவர். ஒரு அம்மாள் நாற்பது சேலை பார்த்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் எழுந்தபோது, "அடுத்த வாரம் வாங்கம்மா, கடையையே மடிச்சு வச்சிருக்கேன்" என்று சொன்னார். அதோடு வேலை போயிற்று. வாய் மட்டும் போகவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் இவர்களைத் தேடி வந்தவர் பெயர் நெடுஞ்செழியன். சுகாதார இலாகாவில் மதிப்பீட்டு அதிகாரி. சின்ன வயசு, கறுப்புக் கண்ணாடிச் சட்டம், காதில் ஒரு பென்சில்.

"உட்காருங்க சார். நாற்காலி வசதியா கீதா?" என்றார் தணிகாசலம்.

"நன்றாகவே இருக்கிறது" என்றார் நெடுஞ்செழியன், ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்தபடி.

"அதுக்கு ஒரு கால் குட்டை. நீங்களும் பொய் சொல்றீங்க. சரி, மேல சொல்லுங்க."

நெடுஞ்செழியன் சொன்னார். ஊரில் இருக்கிற சின்னச் சின்ன சுகாதார நிலையங்களுக்குப் போய், அங்கே என்ன இருக்கிறது, என்ன இல்லை, வருகிற நோயாளிக்குத் திருப்திதானா என்று விசாரித்து எழுதுவது அவர் வேலை. இரண்டு மாதத்துக்கு முன்னால், அடையாற்று ஓரத்தில் ஓடக்காரன் குப்பத்து நிலையத்துக்குப் போயிருந்தார். ஐம்பத்திரண்டு நோயாளிகள். ஐம்பத்திரண்டு சீட்டு. எல்லாவற்றிலும் கட்டைவிரல் ரேகை. திருப்தியா? திருப்தி. ஏதாவது குறை? ஒன்றுமில்லை.

"அம்பத்திரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லியா?" என்றார் வைரவன். "எங்க கடையில இலவசமா கைக்குட்டை குடுத்தப்பகூட நாலு பேரு கரை சரியில்லைன்னாங்க சார்."

"அதில்தான் வந்தது வினை" என்று நெடுஞ்செழியன் ஒரு மொட்டைக் கடிதத்தை உறையோடு நீட்டினார். பென்சிலால் எழுதிய நாலே வரி. 'ஓடக்காரன் குப்பத்தில் திருப்தி என்று எழுதிக்கொண்டு போனது பொய். யாருக்கும் திருப்தி இல்லை. நேரில் வந்து பார்க்கவும். ஏமாற வேண்டாம்.'

"நேர்ல வந்து பாக்கச் சொல்லி எழுதிக்கீது. நீங்க போனீங்களா?" என்றார் தணிகாசலம்.

"நான் போனால், முதல் தடவை சரியாகப் பார்க்கவில்லை என்று ஆகிவிடுமே!" என்றார் அதிகாரி. "நாள் ஒன்றுக்கு ஐம்பது பேர் வராத நிலையத்தை மூடச் சொல்லி உத்தரவு. இது ஐம்பத்திரண்டில் பிழைத்தது. கணக்குப் பொய்யென்றால், அங்கே இருக்கிற கம்பவுண்டர் கருணாகரன்தான் செய்திருக்க வேண்டும். அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நிலையத்தைப் பூட்ட வேண்டியதுதான். இன்று மாலைக்குள் நான் மேலே பதில் எழுதியாக வேண்டும்."

அன்றைக்கு எடுத்த போட்டோவையும் மேஜைமேல் வைத்தார். நிலையத்து வாசலிலிருந்து விளக்குக் கம்பம் வரைக்கும் தரையில் பாட்டில்கள் ஒரே வரிசையாக நின்றன. ஆள் ஒருவரும் இல்லை.

"ஜனம் எங்க?"

"நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். மருந்துக்கு பாட்டில் அவரவர் கொண்டுவர வேண்டும். அதையே வரிசையில் வைத்து இடம் பிடித்துவிடுவார்கள்."

"அப்போ நீங்க எண்ணினது பாட்டிலை."

நெடுஞ்செழியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

தணிகாசலம் பூதக்கண்ணாடியை எடுத்துப் போட்டோவின்மேல் குனிந்தார். தண்ணீர் மருந்து ஊற்றிக் கொடுக்கும்போது, வேளைக்கு எவ்வளவு என்று தெரிவதற்காகக் கம்பவுண்டர் ஒரு காகிதப் பட்டையின் ஓரத்தைப் பல் பல்லாக வெட்டி பாட்டிலில் ஒட்டுவது வழக்கம். போட்டோவில் எல்லா பாட்டிலிலும் அந்தப் பட்டை இருந்தது.

"இது எத்தினி மணிக்கு எடுத்தது?"

"காலை ஏழு. கதவு திறப்பது எட்டுக்கு."

"மருந்து ஊத்தறதுக்கு முன்னாலயே அளவு ஒட்டியாச்சா?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே பிள்ளைக்குக் காதுகுத்துப் பத்திரிகை அடிச்ச மாதிரில்லா இருக்கு!" என்றார் வைரவன்.

"பழைய பாட்டிலாக இருக்கலாமே?"

"பழசுன்னா ஒன்னுல பட்டை இருக்கும், ஒன்னுல இருக்காது. கழுவினதுல பாதி பிஞ்சிருக்கும். இது அம்பத்திரண்டும் தீபாவளிச் சட்டை போட்டுக்கினு நிக்குது."

"அப்படியானால் கம்பவுண்டரேதான்!" என்று நெடுஞ்செழியன் பாதி எழுந்துவிட்டார்.

"உட்காருங்க. நான் போய்ப் பாக்கறேன். நீங்க நாலு மணிக்கு அங்க வந்து சேருங்க. நேர்ல."

வைரவன் மட்டும் கடிதம் வந்த உறையை விடவில்லை. மடிப்பைத் தடவிப் பார்த்தார், திருப்பினார், மறுபடியும் தடவினார். அப்புறம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அடையாற்றில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வைரவன் வறுத்த கடலை வாங்கினார். சின்னக் காகிதப் பை. யாரோ ஒரு பையன் பரீட்சை எழுதின தாளில் செய்தது. நடந்துகொண்டே படித்தார்.

"ஏழு மார்க்கு ஏட்டையா. அசோகர் சாலைகளை நட்டு மரங்களைப் போட்டார்னு எழுதியிருக்கான். வாத்தியாரு சிவப்பு மையில பெருக்கல் குறி போட்டிருக்காரு."

"கடலையைத் துன்னுட்டு சும்மா வா."

ஓடக்காரன் குப்பத்துச் சுகாதார நிலையம் இரண்டே அறை. முன்னறையில் குழந்தைகளை நிறுக்கிற தராசு ஒன்று இருந்தது. அதன் முள் ஐந்து கிலோவில் சிக்கிக்கொண்டு நின்றது. குழந்தையை வைத்தாலும் ஐந்து, எடுத்தாலும் ஐந்து.

"இந்தக் குப்பத்துல சவலைப்பிள்ளையே கிடையாது போலிருக்கே" என்றார் வைரவன்.

பின்னறைக் கதவில் 'பிரசவ அறை' என்று எழுதி, பூட்டுத் தொங்கியது. வாசலில் ஒன்பது பாட்டில்கள் வரிசையில் நின்றன. ஒன்றிலும் பட்டை இல்லை. மருந்து வாங்கிக்கொண்டு வெளியே வந்த ஒரு கிழவரின் பாட்டிலில் மேலிருந்து கீழாக மூன்று கறுப்பு நூல் கட்டியிருந்தது.

கம்பவுண்டர் கருணாகரன் வெளியே எட்டிப் பார்த்தார். ஒல்லியான மனுஷன். ரிட்டயராக இன்னும் இரண்டு வருஷம்.

தணிகாசலம் போட்டோவை அவர் மூக்குக்கு நேரே பிடித்தார். "இந்தப் பட்டையெல்லாம் நீ ஒட்டினதுதானே?"

கருணாகரன் போட்டோவைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அழுகைக்குப் பக்கத்து வீட்டுச் சிரிப்பு.

"எதால ஒட்டறது சார்? பசை தீர்ந்து ஏழு மாசம் ஆவுது. மாசா மாசம் எழுதறேன். வரல. வீட்லேர்ந்து நூல்கண்டு எடுத்தாந்து வேளைக்கு ஒன்னு கட்டிக்கினு கீறேன். ஒரு நூல் வரைக்கும் காலைல குடி, அடுத்த நூல் வரைக்கும் மத்தியானம் குடின்னு."

"இதை அந்த ஆபீசர் கிட்ட சொன்னியா?"

"சொன்னேனே. 'நோயாளிகள் ஒருத்தரும் குறை சொல்லலியே'ன்னாரு. அன்னிக்குப் பத்தொன்பது பாட்டிலோட மருந்தும் தீர்ந்துபோச்சு. எப்பவும் மருந்து இல்லைன்னா என் சட்டையைப் புடிக்கிற ஜனம், அன்னிக்குக் காலி பாட்டிலை எடுத்துக்கினு சத்தம் போடாம பூட்டாங்க. எனக்கே ஆச்சரியமா இருந்திச்சு."

"பின்னால பூட்டிக் கெடக்குதே, அது?"

"பிரசவம் பாத்த நர்ஸம்மா ஜெயலக்ஷ்மியை மாத்திட்டாங்க. சாவி என்கிட்ட கீது. சாவியை வச்சிக்கினு நான் இன்னா பிரசவமா பாக்கறது?"

தணிகாசலம் வாசற்படியில் உட்கார்ந்தார். கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. பசை இல்லாதவன் ஐம்பத்திரண்டு பட்டை ஒட்டியிருக்க முடியாது. கருணாகரனை விட்டால் கையில் வேறு ஆள் இல்லை. மணியோ ரெண்டரை. போட்டோவை மறுபடி எடுத்து, வெயில் படும்படி பிடித்துப் பூதக்கண்ணாடியை வைத்தார்.

வைரவன் தோளுக்கு மேலே குனிந்து பார்த்தார். கையில் காலியான கடலைப் பை.

"ஏட்டையா, அந்த மூணாவது பாட்டிலு கணக்குப் பரீட்சையில பெயில்."

"இன்னா உளர்றே?"

"பட்டையைப் பாருங்க. சைடுல ஒரு பெருக்கல் குறி. அஞ்சாவது பாட்டில்ல வட்டம் போட்டு சைபர். என் கடலைப் பையும் அந்தப் பாட்டில்களும் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கு."

தணிகாசலம் கடலைப் பையை வாங்கிப் பார்த்தார். போட்டோவைப் பார்த்தார். திரும்பி, "கருணாகரா! இந்தக் குப்பத்துல பரீட்சைத் தாளை வாங்கிப் பை ஒட்டறது யாரு?" என்று கத்தினார்.

கருணாகரன் தயங்கினார். "கோடி வீடு. ரத்னான்னு ஒரு பொண்ணு. அதுக்கு இதுதான் மாசம் சார். போய்க் கத்தாதீங்க."

கோடி வீட்டில் விடைத்தாள்கள் மனுஷ உயரத்துக்கு அடுக்கியிருந்தன. நடுவே மைதாப் பசைச் சட்டியோடு ஒரு பெண் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வயிறு மடியை மறைத்தது. கை மட்டும் நிற்காமல் பை ஒட்டிக்கொண்டிருந்தது.

தணிகாசலம் கத்தவில்லை. போட்டோவை அவள் முன்னால் வைத்தார்.

"நீ ஒட்டினதா?"

ரத்னா போட்டோவைப் பார்த்ததும் கை நின்றது. "அக்காங் நைனா. நான்தான்."

"இன்னாத்துக்கு?"

"போட்டோ புடிக்கப் போறாங்கன்னு சொன்னாங்க. வெறும் பாட்டிலை நிக்க வச்சா எண்ணெய்க் கடை மாதிரி இருக்காது? மருந்து பாட்டில்னா பட்டை வேணும். கம்பவுண்டர் கிட்ட பசை இல்ல. என்கிட்ட இருந்திச்சு. ராவோட வெட்டி எல்லாத்துக்கும் ஒட்டினேன்."

"எத்தினி பேர் போனீங்க?"

"பத்தொன்பது பொம்பளைங்க. அம்பது பேர் வரலைன்னா மூடிடுவாங்கன்னு தெரிஞ்சிபோச்சு. தலைப்பை மாத்திப் போட்டுக்கினு ஒருத்தி ரெண்டு வாட்டி, மூணு வாட்டி போனோம். அவரு மூஞ்சியைப் பாக்கலை. விரலைத்தான் பாத்தாரு."

"சேலை கட்டு மாறினா ஆளே மாறிடும்னு எங்க முதலாளி சொல்லுவாரு" என்றார் வைரவன். "அது உண்மைன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

"சிரிக்காதய்யா" என்றாள் ரத்னா. "எனக்கு மொதல் கொயந்தை ராயப்பேட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போற வழியில, பாலத்து மேல, சைக்கிள் ரிக்ஷாவுலயே பொறந்து, ரிக்ஷாவுலயே பூட்ச்சி. அப்போ இங்க நர்ஸம்மா கிடையாது. அப்புறம் ஜெயலக்ஷ்மி அம்மா வந்தாங்க. அவங்க கையில இந்தக் குப்பத்துல பதினோரு கொயந்தை. ஒன்னுகூடத் தவறல. மருந்து இல்லைன்னா போவுது, தராசு நின்னா போவுது, அந்த ரூம் இருந்தாப் போதும்னுதான் திருப்தி திருப்தின்னு விரல் வச்சோம்."

"வச்சீங்களே! மூடலை. அப்புறம் நர்ஸம்மா ஏன் போனாங்க?"

ரத்னா அடுத்த தாளை எடுத்து மடித்தாள். வைரவன் சட்டைப் பையிலிருந்து அந்த உறையை எடுத்தார். சட்டியின் பக்கத்திலிருந்து, அவள் ஒட்டிவைத்த பை ஒன்றையும் எடுத்து இரண்டையும் சேர்த்து வைத்தார்.

"ஏட்டையா, காலையிலேர்ந்து இந்த உறை என்னை உறுத்திக்கிட்டே இருந்துச்சு. தபால் உறைக்கு அடியில மடிப்பு வராது. பைக்குத்தான் வரும், சாமான் கனத்துல பிஞ்சுடாம இருக்க. அதுவும் ரெண்டு மடிப்பு, இடப்பக்கம் சாய்ச்சு. ஒவ்வொரு கைக்கும் ஒரு மடிப்பு உண்டு. இது இந்தம்மா கை."

தணிகாசலம் உறையையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். பொய்யைச் சொன்னவளும் இவள். அது பொய் என்று புகார் எழுதினவளும் இவள்.

"ஏன்டி," என்றார் கடைசியில், "நீயே திருப்தின்னு விரலை வச்சிட்டு, நீயே இல்லைன்னு எழுதிப் போட்டியா?"

"வேற இன்னா பண்றது?" என்று அவளும் குரலை உயர்த்தினாள். "திருப்தின்னு எழுதிக்கினு போன பத்தாம் நாள் ஆர்டர் வந்துச்சு. இங்கதான் ஒரு குறையும் இல்லியே, குறை இருக்கிற எடத்துல ஆள் வேணும்னு நர்ஸம்மாவை இட்டுக்கினு பூட்டாங்க! குறை கீதுன்னு சொன்னா மூடறாங்க. இல்லைன்னு சொன்னா புடுங்கறாங்க. எனக்கு இன்னும் பத்து நாள்தான் நைனா. அதான், வந்து கண்ணால பாருங்கன்னு எழுதிப் போட்டேன். அவரு வரலை. உங்களை அனுப்பிச்சாரு."

திருடனைப் பிடித்தால் இழுத்துக்கொண்டு போகலாம். இதில் யாரை இழுப்பது?

"நாலு மணிக்கு அந்த ஆபீசர் வராரு" என்றார் தணிகாசலம். "என்கிட்ட சொன்னியே, அதே மாதிரி அவர்கிட்ட சொல்லு. கம்பவுண்டர் தலை உருளாம நான் பாத்துக்கறேன். சொல்லுவியா?"

"சொல்றேன் நைனா."

நாலு மணிக்கு நெடுஞ்செழியன் வந்தார். நிலையத்து மேஜையில் படிவத்தை விரித்துக் காதுப் பென்சிலை எடுத்தார். ரத்னா எதிரில் நின்றாள். வாசலில் குப்பத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். கருணாகரன் மூலையில் நூல்கண்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கம்பவுண்டர் இதுல கையே வைக்கலை" என்றார் தணிகாசலம். "பட்டை ஒட்டினது குப்பத்து ஜனம். எத்தினி பேர் வந்தாங்கன்னு கேக்காதீங்க. நீங்களும் ஆளை எண்ணலை, நானும் எண்ணலை. மீதியை இவ சொல்லுவா."

நெடுஞ்செழியன் பென்சிலைக் கூர் பார்த்துக்கொண்டு கேட்டார்: "சொல்லுங்கம்மா. இந்த நிலையத்தில் உங்களுக்குத் திருப்திதானா?"

ரத்னா பென்சிலைப் பார்த்தாள். படிவத்தைப் பார்த்தாள்.

"திருப்தி சார்."

"குறை ஏதாவது?"

"ஒன்னும் இல்ல சார்."

தணிகாசலத்துக்கு மண்டைக்குள் நெருப்புப் பற்றிக்கொண்டது. "அடிப்பாவி! இவ்ளோ நேரம் இன்னா சொன்னே? இப்ப இன்னா சொல்றே?"

"திருப்தி இல்லைன்னு சொல்லி மூடிட்டா?" என்றாள் ரத்னா, சின்னக் குரலில்.

நெடுஞ்செழியன் முகம் மலர்ந்துவிட்டது. "அவ்வளவுதான் ஏட்டையா. மொட்டைக் கடிதம் பொய் என்று முடித்துவிடலாம். கம்பவுண்டருக்கும் ஒன்றுமில்லை, நிலையத்துக்கும் ஒன்றுமில்லை, எனக்கும்..."

"நர்ஸம்மா?" என்றார் தணிகாசலம்.

"குறை இல்லாத இடத்துக்கு நர்ஸ் எப்படிக் கேட்பது?"

தணிகாசலம் மேஜைமேலிருந்த நூல் கட்டின பாட்டில் ஒன்றை எடுத்துப் படிவத்தின்மேல் டக்கென்று வைத்தார். கருணாகரனிடமிருந்து சாவியைப் பிடுங்கிப் பின்னறையைத் திறந்தார். கட்டில் கம்பியில் சிலந்தி வலை. ஸ்டவ்வில் துரு. நெடுஞ்செழியன் எட்டிப் பார்த்து, பார்த்த இடத்திலேயே நின்றார்.

"உங்க கேள்வியே கோணல் சார். காப்பிக் கடைக்காரன் கேக்கற கேள்வி. திருப்தியான்னு கேட்டா இந்த ஜனம் திருப்தின்னுதான் சொல்லும். வலி எடுத்தா எங்க போவேன்னு கேளுங்க. கேளுங்க சார்."

நெடுஞ்செழியன் மெள்ளத் திரும்பினார். "வலி எடுத்தால் எங்கே போவீங்கம்மா?"

ரத்னாவுக்கு இதற்குப் பொய் தயாராக இல்லை.

"அதே பாலத்துக்குத்தான் சார்."

மூலையில் கருணாகரன் மூக்கை உறிஞ்சினார். நெடுஞ்செழியன் பாட்டிலை நகர்த்திவிட்டுப் படிவத்தில் என்னவோ எழுதினார். எழுதினதைத் தானே உரக்கப் படித்தார்: "பசை, ஒரு டப்பா. தராசு, பழுது பார்க்க. பிரசவ நர்ஸ் ஜெயலக்ஷ்மியைத் திரும்ப அனுப்புவது, அவசரமாகப் பரிசீலிக்க." பிறகு பையிலிருந்து ஒரு சின்னச் சீட்டை எடுத்துத் தணிகாசலத்திடம் நீட்டினார். "நீங்களும் இன்று நிலையத்துக்கு வந்தவர்தான். இதிலே ஒரு கையெழுத்து. திருப்தியா, இல்லையா?"

தணிகாசலம் சீட்டை வாங்கினார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். ரத்னாவின் கையில் வைத்தார்.

"இந்தா. கடலைப் பை ஒன்னு ஆவும்."

செருப்பை மாட்டிக்கொண்டு விடுவிடுவென்று நடந்தார். வைரவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடி வந்தார்.

"ஏட்டையா, நில்லுங்க. அதான் எழுதிட்டாருல்லா. அவசரம்னுகூட போட்டிருக்காரு. பத்து நாளைக்குள்ள நர்ஸம்மா வந்துருவாங்கல்லா?"

"எதால எழுதினாரு?"

வைரவன் யோசித்தார். "பென்சிலாலே."

தணிகாசலம் திரும்பிப் பார்க்கவில்லை. பாலத்துப் பக்கம் பஸ் வருகிற சத்தம் கேட்டது. நடையை எட்டிப் போட்டார்.